தொழிற்சாலை மதிலுக்கு வெளியே யார் பொறுப்பு?

பரந்தனிலும் மாங்குளத்திலும் முதலீட்டு வலயங்கள் வரப்போகின்றன என்ற செய்தி வரும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் எதிரெதிராக நிற்கின்றன. வரும் நிறுவனங்கள் சர்வதேசத் தரச்சான்றிதழ் பெற்றவை, ஆகையால் அச்சமில்லை என்பது ஒன்று. கிணறும் குளமும் கெட்டுவிடும் என்பது மற்றது. பன்னாட்டு உற்பத்தி நிறுவனம் ஒன்று தன் சொந்த நாட்டுக்கு வெளியே உள்ள ஆலையில் தொழிலாளர் பாதுகாப்பையும் சுற்றாடல் விதிகளையும் எவ்வாறு நிர்வகிக்கிறது என்பது தெரியாமல் இந்த இரண்டில் எதையும் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அந்த நிர்வாக முறை எப்படி இயங்குகிறது, எந்த இடத்தில் பலமாக இருக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை வன்னியின் நிலத்தையும் நீரையும் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் போருக்குப் பின் வந்த ஆடைத் தொழிற்சாலைகளுள் வெளிநாட்டுக் குழுமங்களின் கிளைகளும் உண்டு; கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளில் ஆலை நடத்தும் குழுமங்களுடையவையும் உண்டு. தீர்மானம் ஓரிடத்தில், கிணறு இன்னோரிடத்தில் என்ற நிலைமை இரண்டுக்கும் பொதுவானது. எனவே இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஓர் ஆலைக்கு நான்கு விதிநூல்கள்

1. நாட்டின் சட்டம். வேலைத்தளப் பாதுகாப்புக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் உள்ளது. அதை அமுல்படுத்துவது தொழில் திணைக்களத்தின் பொறியியலாளர்கள். சுற்றாடலுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். கழிவை வெளிவிடுவதாகப் பட்டியலிடப்பட்ட தொழில் எதுவும் அச்சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், சிறியவற்றுக்கு உள்ளூராட்சி மன்றமும், முதலீட்டுச் சபையின் வலயங்களுக்குள் அச்சபையும் இதைக் கையாளுகின்றன. இது ஒருமுறை பெற்று மாட்டிவைக்கும் பத்திரம் அன்று. கால எல்லையும் நிபந்தனைகளும் உடையது. காலம் முடிய, புதுப்பிக்க வேண்டும்.

2. தாய் நிறுவனத்தின் உள்விதி. பெரிய குழுமங்கள் தமது எல்லா ஆலைகளுக்கும் பொதுவான ஒரு கோவையை வைத்திருக்கும். உள்ளூர்ச் சட்டம், குழும விதி ஆகிய இரண்டில் எது கடுமையானதோ அதுவே பொருந்தும் என்பது அதன் வழமையான முதல் வாசகம்.

3. கொள்வனவாளரின் நடத்தைக்கோவை. ஆடையை வாங்கும் ஐரோப்பிய, அமெரிக்க வணிகச்சின்னங்கள் தமது நிபந்தனைகளை ஆலைமீது விதித்து, ஆளனுப்பிப் பரிசோதிக்கின்றன. தொழிலாளர் இதைத்தான் ‘ஓடிட்’ என்கிறார்கள்.

4. தாய் நிறுவனம் அல்லது கொள்வனவாளர் இருக்கும் நாட்டின் சட்டம். பிரான்ஸ் 2017இலும், ஜேர்மனி 2023 ஜனவரி முதலும், தமது பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டு வழங்குநர்களிடத்தில் நிகழும் பாதிப்புகளையும் கண்காணிக்க வேண்டும் என்று சட்டமாக்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதேபோன்ற பணிப்புரையை நிறைவேற்றி, 2025இல் அதன் அமுலாக்கத்தைப் பின்தள்ளியது.

இவற்றுள் ஆலை முகாமையாளரை உண்மையில் நித்திரை கொள்ளவிடாதது மூன்றாவதுதான் என்பது என் கணிப்பு. அரச பரிசோதகர் எப்போதாவது வருவார். அவர் வழக்குத் தொடுத்தால் நீதிமன்றம் விதிக்கக்கூடிய தண்டமும் பெரிதல்ல. கொள்வனவாளரோ ஓடிட்டில் தோற்ற ஆலைக்கு அடுத்த கட்டளையைத் தராமலே விட்டுவிடலாம். அதனால் கொள்வனவாளர் எதைப் பார்க்கிறாரோ அது நன்றாக இருக்கும். அவர் பார்க்காதது எப்படியிருக்கும் என்பதே நம் கேள்வி.

சான்றிதழ் எதற்குச் சாட்சி

ஐ.எஸ்.ஓ. 14001 சுற்றாடல் முகாமைத்துவத்துக்கும், 2018இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 45001 வேலைத்தளப் பாதுகாப்புக்கும் உரிய தரநியமங்கள். இரண்டும் முகாமைத்துவ முறைமையைப் பற்றியவை: ஆபத்துகளை இனங்கண்டு எழுதியிருக்கிறார்களா, இலக்கு வைத்திருக்கிறார்களா, பயிற்சிப் பதிவு இருக்கிறதா, தவறு நடந்தால் திருத்தும் ஒழுங்கு உண்டா என்பவற்றையே அவை கேட்கின்றன. வாய்க்காலில் ஓடும் நீரில் எவ்வளவு மாசு இருக்கலாம் என்று ஐ.எஸ்.ஓ. 14001 எந்த எண்ணையும் சொல்வதில்லை. அந்த எண் நாட்டின் சட்டத்திலிருந்துதான் வர வேண்டும்.

சான்றிதழ் இருந்தும் மனிதர் சாகலாம் என்பதற்குக் கராச்சி சாட்சி. 2012 செப்டெம்பர் 11 அன்று அங்கே அலி என்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. சில வாரங்களுக்கு முன்னர்தான் அந்த ஆலை எஸ்.ஏ. 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழைப் பெற்றிருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டனர். அந்தக் கட்டடத்தில் இயங்கிய சில ஆலைகளுக்கும் ஓடிட் நடந்திருந்தது. கட்டடத்தின் உறுதியைப் பார்ப்பது அந்த ஓடிட்டின் வேலையாக இருக்கவில்லை. ரானா பிளாசாவுக்குப் பின், தீ மற்றும் கட்டடப் பாதுகாப்புக்காக உருவான பங்களாதேஷ் உடன்படிக்கை வேறுவகையானது: தொழிற்சங்கங்களும் கையொப்பமிட்டன, கொள்வனவாளர்கள் சட்டரீதியாகக் கட்டுப்பட்டனர், பொறியியலாளரின் அறிக்கைகள் பொதுவெளியில் வெளியிடப்பட்டன. எந்த ஓடிட்டையும் மதிப்பிட இந்த மூன்றும் நல்ல அளவுகோல்கள்.

விபத்து வீதம் என்ற எண்

தலைமையகத்தில் இருப்பவர் தூரத்து ஆலையை எண்களின் வழியாகத்தான் பார்க்கிறார். அவற்றுள் முதன்மையானது வேலை இழப்புக் காய வீதம். அதாவது, ஒருவரை அடுத்த வேலைமுறைக்கு வரமுடியாமல் செய்த காயங்களின் எண்ணிக்கையைப் பத்து இலட்சத்தால் பெருக்கி, மொத்த வேலை மணித்தியாலங்களால் வகுத்துப் பெறுவது.

ஆயிரம் தொழிலாளர், ஆளுக்கு ஆண்டில் 2,400 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 இலட்சம். மூன்று காயங்கள் நேர்ந்தால் வீதம் 1.25. ஊசி விரலைத் துளைத்த பெண் ஒருவரை மறுநாள் வேலைக்கு அழைத்து, துணி எண்ணும் மேசையில் உட்காரவைத்துவிட்டால் காயம் இரண்டாகிறது, வீதம் 0.83. முகாமையாளரின் ஊக்கத்தொகை இந்த வீதத்தோடு பிணைக்கப்பட்டிருந்தால், காயத்தைத் தடுப்பதைவிட எண்ணைக் குறைப்பது இலகுவாகிவிடுகிறது. விபத்தே இல்லாத ஆண்டு என்ற பலகையைக் காணும்போது எனக்கு முதலில் எழும் கேள்வி, சிறு காயங்களும் மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளும் எத்தனை பதிவாகின என்பதுதான். ஆயிரம் பேர் வேலைசெய்யும் இடத்தில் அவையும் பூச்சியம் என்றால் யாரும் எழுதவில்லை என்றே பொருள்.

சட்டத்தின் அளவுகோல் வேறு. மரணத்தையோ, தொழிலாளியை மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளம் உழைக்கமுடியாமல் செய்யும் விபத்தையோ மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கூறுகிறது. ஆகவே ஒரே விபத்து தலைமையகக் கணக்கில் இருந்து, திணைக்களக் கணக்கில் இல்லாமல் போகலாம், மறுதலையாகவும் நடக்கலாம்.

எட்டு மடங்கு நீர்

வன்னியைப் பொறுத்தவரை இந்த விடயத்தின் மையம் இதுவே என்று கருதுகிறேன். பொது விவாதங்களிலோ இது அரிதாகவே பேசப்படுகிறது.

முதலில் ஒரு வேறுபாடு. துணி தைக்கும் ஆலையும், துணிக்குச் சாயமிடும் அல்லது கழுவும் ஆலையும் ஒன்றல்ல. தையல் ஆலையிலிருந்து வெளியேறும் நீரிற் பெரும்பகுதி மலசலகூடங்களினதும் சிற்றுண்டிச்சாலையினதும் கழிவுநீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று வைத்தாலும் ஆயிரம் பேருக்கு 50,000 லீற்றர். சாய ஆலையில் இதற்கு மேலாக உப்பும் நிறமும் இரசாயனங்களும் சேரும். எனவே ஓர் ஆலை வருகிறது என்றவுடன் கேட்க வேண்டியது, ஈர வேலை, அதாவது சாயமிடுதலோ கழுவுதலோ, நடக்குமா இல்லையா என்பது.

இந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. ஒரு தொட்டியில் சேர்த்துச் சமப்படுத்தி, காற்றூட்டும் தொட்டியில் பக்ரீரியாக்களை வளர்த்து அழுக்கைத் தின்னவிட்டு, அடையவிட்டு, மேலே தெளிந்ததை வெளியே விடுவார்கள். எவ்வளவு தின்னப்படாமல் மிஞ்சியது என்பதை அளப்பதே உயிரியல் ஒட்சிசன் தேவை. உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு 2008ஆம் ஆண்டின் வர்த்தமானி இதை லீற்றருக்கு 30 மில்லிகிராம் என வரையறுத்தது. பக்ரீரியா தின்னாததையும் சேர்த்து இரசாயனத்தால் அளக்கும் இரசாயன ஒட்சிசன் தேவை 250, நீரில் கரையாது தொங்கும் திண்மங்கள் 50. ஓடிட் வருபவரும் நிறுவனத்தின் அறிக்கையும் இந்த எண்களையே காட்டுவார்கள்.

ஆனால் அந்த அட்டவணையின் அடிக்குறிப்பு ஒன்று, இந்த எல்லைகள் கழிவுநீரைப்போல் குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான நீர், அதை ஏற்கும் நீர்நிலையில் இருப்பதாகக் கொண்டு வகுக்கப்பட்டவை என்கிறது. நீர் அதற்குக் குறைந்தால் எல்லையும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். இரு மடங்கு நீரே ஓடுகிறதென்றால் 30 என்பது 30ஐ எட்டால் வகுத்து இரண்டால் பெருக்கியதாக, அதாவது 7.5 ஆக மாறுகிறது.

இனி மாங்குளம் பக்கமாக வடக்கே ஓடி இரணைமடுவில் சேரும் கனகராயன் ஆற்றை எண்ணிப் பாருங்கள். மார்கழியில் அதன் நீர் எட்டு மடங்கல்ல, எண்பது மடங்காகவும் இருக்கலாம். ஆடி, ஆவணியில் மணலுக்கிடையே குட்டைகளாகத்தான் கிடக்கும். குளத்துக்குப் போகும் சிறு வாய்க்கால்களில் அதுவும் இராது. கணக்கைக் கண்டிப்பாகப் பின்பற்றினால் கோடையில் அந்த இடங்களில் ஒரு சொட்டும் விட முடியாது. இரண்டு போகத்துக்கு நடுவே ஆண்டில் பாதிநாள் ஆறு வற்றிக்கிடக்கும் நாட்டில் ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணை எழுதிய அனுமதிப்பத்திரம் பாதி உண்மையையே சொல்லும்.

ஆற்றில் விடாமல் வளவுக்குள்ளேயே புல்லுக்கும் மரத்துக்கும் பாய்ச்சுவது மாற்று வழி. பல ஆலைகள் இதைப் பெருமையாகவே சொல்லும், செய்யவேண்டியதும்தான். ஆனால் நிலத்தில் பாசனத்துக்கு விடும் நீருக்கு வேறு அட்டவணை உண்டு; அங்கே உயிரியல் ஒட்சிசன் தேவை 250 வரை அனுமதிக்கப்பட்டது. மண் வடிகட்டும் என்ற எதிர்பார்ப்பில் வகுத்த தாராளம் அது. எந்த மண், ஒரு நாளைக்கு எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதும் அதே வர்த்தமானியில் மண்வகை வாரியாகக் கூறப்பட்டிருக்கிறது. மாரியில் நிலத்தடி நீர் கட்டுக்கிணற்றின் வாயருகே ஏறி நிற்கும் கிராமத்தில், ஏற்கெனவே ஊறிய நிலத்தில் பாய்ச்சிய நீர் எங்கே போகும் என்பதைச் சொல்ல ஆய்வுகூடம் தேவையில்லை. ஆக, ஆற்றுக்கு ஆபத்து கோடையில், கிணற்றுக்கு ஆபத்து மாரியில்.

மதிலைக் கடப்பவை

பாதுகாப்பு முகாமைத்துவம் ஆலையின் வாசலுக்குள்ளே நடப்பதை நன்றாக அளக்கிறது. வாசலைக் கடந்து போவதும் வருவதும் அதன் கையிலிருந்து நழுவுகின்றன.

1. கசடு. சுத்திகரிப்புத் தொட்டியின் அடியில் தங்கும் சேற்றை அவ்வப்போது அகற்ற வேண்டும். ஆபத்தான வகையைச் சேர்ந்ததானால் அதை எடுத்துச்செல்பவருக்கும் தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். புத்தளம் சீமெந்து ஆலையின் சூளையில் எரிப்பது நாட்டில் நடைமுறையிலுள்ள வழிகளுள் ஒன்று. கிளிநொச்சியிலிருந்து புத்தளத்துக்கு லொறிக்கூலி அதிகம், காட்டோரம் பக்கத்தில். எத்தனை கிலோ வெளியேறியது, எத்தனை கிலோ சேர்ந்தது என்ற இரு பற்றுச்சீட்டுகளையும் ஒப்பிட்டால் மட்டுமே நடந்தது தெரியும்.

2. தொட்டிக்குள் இறங்குபவர். இவர் பெரும்பாலும் ஆலையின் தொழிலாளி அல்லர். ஆலைகளுக்கு ஆள் வழங்கும் ‘மேன்பவர்’ ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த நாட்கூலி. மூடிய தொட்டியில் அழுகும் சேற்றிலிருந்து ஐதரசன் சல்பைட்டு வாயு கிளம்பும். கூழ்முட்டை நாற்றம் அடிக்கும்வரை எச்சரிக்கை உண்டு; செறிவு கூடும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாது போகும். உள்ளே போனவர் சரிய, காப்பாற்ற இறங்குபவரும் சரிவார். 2018 ஏப்ரலில் ஹொரணையில் இறப்பர் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தொட்டியில் ஐந்து பேர் இறந்ததும் இவ்வாறுதான்: ஒருவர் விழுந்தார், மற்றவர்கள் காப்பாற்றப் போனார்கள். இறங்குமுன் வாயுவை அளந்து எழுத்தில் அனுமதி கொடுப்பது, இடுப்பில் கயிறு கட்டி மேலே ஒருவரை நிறுத்துவது, அவர் என்ன நேர்ந்தாலும் இறங்கக்கூடாது என்பது ஆகிய விதிகள் பெரிய குழுமங்களின் கோவைகளில் வழமையாக உண்டு. ஞாயிற்றுக்கிழமை, ஆலை மூடியிருக்கும் நாளில் துப்புரவுக்கு வரும் நாட்கூலிக்கு அவற்றைத் தமிழில் சொன்னவர் யார் என்பதே கேள்வி.

3. மொழி. இரசாயனக் கொள்கலன் ஒவ்வொன்றுடனும் 16 பகுதிகளைக் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள் வரும். கண்ணிற் பட்டால் என்ன செய்வது என்பது நான்காம் பகுதியில் இருக்கும். சிந்தினால் என்ன செய்வது என்பது ஆறாம் பகுதியில். எண்ணெய்க் கறை நீக்கும் திரவத்தைத் தெளிக்கும் அறையில் அந்தத் தாள் ஆங்கிலத்திலும், சுவரிலுள்ள எச்சரிக்கை சிங்களத்திலும், தெளிக்கும் பெண் முள்ளியவளையைச் சேர்ந்த, தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவராகவும் இருந்தால், ஓடிட் பட்டியலில் ‘தாள் உண்டு’ என்ற கூட்டில் சரி போடப்படும். பெண்ணின் கண்ணுக்கு அதனால் பயனில்லை.

4. விறகு. கொதிகலனுக்கு எண்ணெய்க்குப் பதிலாக விறகு எரித்தால் காபன் கணக்கில் ஆலை நல்ல பெயர் வாங்கும். அந்த விறகு தோட்டத்திலிருந்து வந்ததா, ஒதுக்கக் காட்டிலிருந்து வந்ததா என்பதைக் கணக்கு கேட்பதில்லை. வழங்குநரின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம்தான் சொல்லும்.

5. பஸ். விடியுமுன் உட்கிராமங்களிலிருந்து புறப்பட்டு ஏ-9 வீதிக்கு வரும் பஸ்களில் நேரும் விபத்து வேலைத்தள விபத்தா? ஜி.ஆர்.ஐ. 403 என்ற அறிக்கைத் தரநியமம், போக்குவரத்தை நிறுவனமே ஒழுங்குசெய்திருந்தால் சேர்க்க வேண்டும் என்கிறது. நட்டஈட்டைப் பொறுத்தவரை, தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளடக்கியது. இதை அறியாமல் கைவிட்ட குடும்பங்கள் இருக்கக்கூடும்.

தாய் நிறுவனத்தை நீதிமன்றத்தில் நிறுத்தலாமா

நீண்டகாலம் விடை ‘இல்லை’ என்பதாகவே இருந்தது. 1984 டிசெம்பரில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது, இந்தியக் கிளையில் 50.9 வீதப் பங்கை வைத்திருந்த யூனியன் கார்பைட், பொறுப்புக் கிளையுடையது என்றது. அமெரிக்க நீதிமன்றம் வழக்கை இந்தியாவுக்கே திருப்பியது. 1989இல் 47 கோடி டொலருக்கு முடிந்தது. கிளை தனிச் சட்ட ஆள், பங்குதாரர் அதன் தவறுக்குப் பொறுப்பல்லர் என்ற கோட்பாட்டின் பலம் அது.

2019 ஏப்ரலில் பிரித்தானிய உயர்நீதிமன்றம் அந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்தது. சாம்பியாவின் செப்புச் சுரங்கமொன்றால் தம் நீர் கெட்டதாக 1,826 கிராமத்தவர் அச்சுரங்கத்தின் தாய் நிறுவனமான வேதாந்தாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கை இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்று அது தீர்ப்பளித்தது. எல்லாக் கிளைகளின் சுற்றாடல் தரத்தையும் தானே மேற்பார்வை செய்வதாகத் தாய் நிறுவனம் தன் அறிக்கைகளில் எழுதியிருந்தது அதற்கெதிரான சான்றாயிற்று. தூத்துக்குடியில் 2018 மே மாதத்தில் எதிர்ப்புப் போராட்டத்தின்மீது நடந்த பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் மாளக் காரணமாயிருந்த ஸ்டெர்லைட் ஆலையும் இதே குழுமத்தினுடையது. பளபளப்பான நிலைபேற்று அறிக்கையைப் பத்திரப்படுத்தி வைப்பதில் பாதிக்கப்பட்டவருக்கும் பயனுண்டு என்பதைச் சட்டத்தரணிகள் அன்றுதான் கண்டுகொண்டார்கள்.

உள்ளூரில் நமக்கு அருகிலுள்ள முன்னுதாரணம் யாழ்ப்பாணத்தின் சுன்னாகம். மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில், அதே 2019 ஏப்ரலில் இலங்கை உயர்நீதிமன்றம் அந்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனத்துக்கு இரண்டு கோடி ரூபா செலுத்தக் கட்டளையிட்டது. எண்ணெய் முதலில் தெரிந்தது கிணற்று வாளியில். எந்தக் கண்காணிப்பு அறிக்கையிலும் அல்ல.

அயலவர் கேட்டுப் பெறக்கூடியவை

நிறுவனத்தின் உள்ளறிக்கையை அயற்கிராமத்தவர் பெற முடியாது. ஆனால் அது அரசிடம் கையளித்தவை அரசின் கைவசமுள்ள தகவல்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி அவற்றைக் கோரினால் 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவைத் தெரிவிக்க வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமோ கமக்காரர் அமைப்போ கோரிக்கையைப் பொதுவாக எழுதாமல் பின்வருமாறு குறிப்பாக எழுதினால் மறுப்பதற்கு இடம் குறையும்:

1. சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தின் பிரதி, அதன் எல்லா நிபந்தனைகளுடனும், காலாவதித் திகதியுடனும்.

2. கழிவுநீர் ஆற்றுக்கா, வாய்க்காலுக்கா, நிலத்துக்கா விடப்படுகிறது. எந்த அட்டவணையின் எல்லை விதிக்கப்பட்டது. எட்டு மடங்கு நீர் உண்டு என்பது எந்த மாத அளவீட்டைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது.

3. ஆவணி மாதத்தில் எடுத்த நீர்ப் பரிசோதனை அறிக்கைகள், மாதிரியை எடுத்தவர் யார், எந்த இடத்தில் எடுத்தார் என்ற விபரத்துடன்.

4. கசடு கொண்டுசெல்பவரின் அனுமதிப்பத்திரமும், கடைசி ஓராண்டின் ஒப்படைப்புப் பற்றுச்சீட்டுகளும்.

ஆலை வேலை தொடங்குமுன்னரே சுற்றிலுமுள்ள கிணறுகளின் நீரை மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பரிசோதித்து அறிக்கையைப் பிரதேச செயலகத்தில் கையளித்து வைப்பது இதற்கெல்லாம் முன்னர் செய்யவேண்டியது. வன்னிக் கிணறுகள் பலவற்றில் புளோரைட்டும் கடினத்தன்மையும் இயல்பாகவே கூடுதல் என்பதால், பழைய அளவு கையில் இல்லாதவர் பின்னாளில் எந்த மாற்றத்தையும் நிரூபிக்க முடியாது. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படும் வேளையில் நிபந்தனைகளைக் கூட்டவும் மாற்றவும் அதிகாரசபைக்கு இயலும். ஆகவே எழுத்திலான முறைப்பாடு காலாவதித் திகதிக்குச் சில மாதங்கள் முன்னரே அதன் மாவட்ட அலுவலகத்தைச் சென்றடைய வேண்டும்.